மூளையில அடிபட்ட பிறகு படிக்க முடியலையா? கண் அசைவு பயிற்சி பத்தி முழு வழிகாட்டி

தலையில அடிபட்டவங்க, ஸ்ட்ரோக் வந்து மீண்டவங்க, மூளை ஆபரேஷன் முடிஞ்சவங்கன்னு நிறைய பேர் ஒரே மாதிரிதான் புலம்புவாங்க. கண் டெஸ்ட்ல கடைசி வரி வரைக்கும் படிச்சுட்டேன், 6/6 னு எழுதிக் குடுத்துட்டாங்க, ஆனா பேப்பரை கையில எடுத்தா நாலு வரி தாண்டல. வரி தாவுது, எழுத்து நெளியுது, நெத்தி வலிக்குது, படிச்ச வரியையே திரும்பத் திரும்ப படிக்கறேன், கடைசில தூக்கம் வருது இல்லன்னா குமட்டுது. வீட்ல இருக்கறவங்க "கண்ணுல ஒண்ணும் இல்லைன்னுதானே சொன்னாங்க, மனசு வச்சா முடியும்" னு சொல்லிடுவாங்க. மனசுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. அந்த போர்டு டெஸ்ட், ஆடாம நிக்கற ஒரு எழுத்து தெளிவா தெரியுதான்னு மட்டும்தான் பார்க்குது, படிக்கறதுங்கறது கண்ணை நகர்த்திக்கிட்டே இருக்கற வேலை, அதை அந்த போர்டு தொடவே இல்ல.

இன்னொரு விஷயத்தையும் முதல்லயே சொல்லிடறேன். யூட்யூப்ல பார்த்து எல்லாரும் ஒரே கண் பயிற்சிய ஆரம்பிச்சுடறாங்க, பென்சிலை மூக்குகிட்ட கொண்டு வர்றது, கண்ணை எட்டு போடறதுன்னு. சிலருக்கு அது மருந்து, சிலருக்கு வெறும் நேர வேஸ்ட், சிலருக்கு நிலைமை மோசமாகும். உங்களுக்கு எது பழுதுன்னு தெரிஞ்சாதான் எந்த பயிற்சின்னு முடிவு பண்ண முடியும். அதனால இந்த வழிகாட்டில பாதி, பயிற்சிக்கு முன்னாடி பண்ண வேண்டியதுதான், பொறுமையா படிங்க. (உங்களுக்கே படிக்க கஷ்டமா இருந்தா வேற யாரையாவது படிச்சு காட்ட சொல்லுங்க, இல்ல போனையே சத்தமா படிக்க விடுங்க.)

படிக்கும்போது கண்ணு என்ன பண்ணுது

நம்ம கண்ணு வரிமேல வழுக்கிட்டு போகுதுன்னு நினைக்கறோம். கிடையாது, அது தாவித் தாவிப் போகுது. பிரான்ஸ்ல 1870கள் கடைசில ஜவால்ங்கற கண் டாக்டரோட ஆய்வுக்கூடத்துலதான் இதை கவனிச்சு எழுதி வச்சாங்க. ஒரு தாவல், ஒரு நிறுத்தம், மறுபடி ஒரு தாவல். தாவலுக்கு பேரு சக்காட். ஒவ்வொரு நிறுத்தமும் சராசரியா கால் செகண்ட் இருக்கும், அந்த கால் செகண்ட்லதான் எழுத்தை பார்க்கறோம், தாவற நேரத்துல மூளை ஒண்ணையும் பதிவு பண்றதில்ல. இங்கிலீஷ் படிக்கறவங்ககிட்ட அளந்தப்போ ஒரு தாவல் சுமாரா 7 லேர்ந்து 9 எழுத்து தூரம் போச்சு, நூறு தாவல்ல பத்து பதினஞ்சு பின்பக்கமா போச்சு, அதாவது நல்லா படிக்கறவங்களும் அப்பப்போ திரும்பிப் பார்க்கத்தான் செய்யறாங்க.

இதெல்லாம் எதுக்குன்னா, கூர்மையா பார்க்கற இடம் விழித்திரையில ரொம்ப சின்னது. கையை நீட்டி கட்டைவிரலை தூக்குங்க, அந்த நகத்தோட அகலம் இருக்கே, கிட்டத்தட்ட அவ்வளவுதான். அந்த நக அளவு ஜன்னலை வரி முழுக்க சரியான இடத்துல இறக்கிக்கிட்டே போகணும். ஒவ்வொரு கண்ணுக்கும் ஆறு தசை, அதை ஓட்ட மூளையிலேர்ந்து வர்ற மூணு நரம்பு (மூளை நரம்புகள் வரிசையில மூணாவது, நாலாவது, ஆறாவது), தாவல் எங்க விழணும்னு திட்டம் போட மூளையோட முன் பகுதியும் பக்கவாட்டுப் பகுதியும், தாவல் கரெக்டா விழ சிறுமூளை, கிட்டத்துல படிக்கும்போது ரெண்டு கண்ணும் உள்பக்கம் சேர்றது, லென்ஸ் ஃபோகஸ் மாத்தறது, தலை ஆடினாலும் பார்வை நிலையா நிக்க காதுக்குள்ள இருக்கற பேலன்ஸ் உறுப்பு. இதுல எங்க அடி விழுந்தாலும் வெளியில வர்ற கம்ப்ளைன்ட் ஒண்ணுதான், "படிக்க முடியல".

எதுக்கும் முன்னாடி: காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

திடீர்னு புதுசா ரெண்டு ரெண்டா தெரியறது, ஒரு இமை தொங்கி அந்தக் கண்ணோட பாப்பா பெருசாகிறது, திடீர்னு பார்வையில ஒரு பக்கம் காணாம போறது, இதுவரைக்கும் வராத அளவு தலைவலி, அடிபட்ட பிறகு தொடர்ந்து வாந்தி, மயக்கம், பேச்சு குழறல், கை கால் பலம் குறையறது. இதுல ஏதாவது இருந்தா பயிற்சிய மறந்துட்டு நேரா எமர்ஜென்சிக்கு போங்க. அப்புறம், டபுள் விஷன் இருக்கற வரைக்கும், பக்கப் பார்வை போயிருக்கற வரைக்கும் டாக்டர் சொல்லாம வண்டி எடுக்காதீங்க. ஒரு பக்கமா வர்ற ஆளை பார்க்காம போற ஆபத்து நிஜமானது, அது ஓட்டறவங்களுக்கே தெரியாது.

முதல் படி: எந்த மாதிரி பிரச்சனைன்னு பிரிச்சுப் பாருங்க

இது நோய் கண்டுபிடிக்கற வேலை இல்ல, அது டாக்டர் வேலை. ஆனா "படிக்க முடியல" ன்னு மொட்டையா சொல்றதுக்கும், கீழே இருக்கற மாதிரி கவனிச்சு சொல்றதுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கு, டாக்டர் எந்த டெஸ்ட் எடுக்கணும்னு அதுலயே பாதி முடிவாகிடும்.

ஒரு கண்ணை கையால மூடிட்டு படிச்சுப் பாருங்க. அப்புறம் இன்னொரு கண்ணை. எந்தக் கண்ணை மூடினாலும் ரெட்டையா தெரியறது போயிடுதுன்னா ரெண்டு கண்ணும் ஒண்ணா சேர்றதுலதான் கோளாறு. ஒரு கண்ணை மூடின பிறகும் இன்னொரு கண்ணுல ரெட்டையா தெரியுதுன்னா பெரும்பாலும் அது கண்ணுக்குள்ள இருக்கற விஷயம், கண்புரை, வறட்சி, பவர் மாதிரி. இந்த ஒரு நிமிஷ டெஸ்டை நிறைய பேர் பண்றதே இல்ல.

ரெட்டையா தெரியுதுன்னா எப்படித் தெரியுதுன்னு பாருங்க. பக்கத்து பக்கத்துல, அதுவும் கிட்டத்துல பார்க்கும்போது மட்டும்னா, கண்ணு ரெண்டும் உள்ள சேர முடியலைன்னு சந்தேகப்படலாம், இதை கன்வர்ஜென்ஸ் குறைபாடுன்னு சொல்வாங்க, தலையில அடிபட்டவங்ககிட்ட ரொம்ப சகஜமா பார்க்கறது இதுதான். பக்கத்து பக்கத்துல, ஆனா தூரத்துல பார்க்கும்போது அதிகமாகுதுன்னா கண்ணை வெளிப்பக்கம் திருப்பற ஆறாவது நரம்பு பக்கம் யோசிப்பாங்க. மேல கீழயா, இல்ல சாய்ஞ்சு தெரியுது, படி இறங்கும்போதும் படிக்கும்போதும் மோசமாகுது, தலையை ஒரு பக்கம் சாய்ச்சா சரியாகுதுன்னா அது நாலாவது நரம்பா இருக்கலாம். மண்டைக்குள்ள ரொம்ப நீளமா சுத்தி வர்ற மெல்லிசான நரம்பு அது, அதனால அடிபட்டா சுலபமா பாதிக்கப்படுது, அது ஓட்டற தசைதான் கண்ணை கீழே உள்பக்கமா இறக்குது, நாம புத்தகம் படிக்கற அதே திசை. இவங்களுக்கு நேரா பார்க்கும்போது எல்லாம் நல்லா இருக்கும், கீழே குனிஞ்சு பார்த்த உடனே வம்பு. புரோகிரசிவ் கண்ணாடி (தூரத்துப் பவரும் கிட்டத்துப் பவரும் ஒரே லென்ஸ்ல இருக்கறது) போட்டிருந்தா இன்னும் கஷ்டம், ஏன்னா படிக்கற பவர் கண்ணாடியோட கீழ் பகுதியிலதான் இருக்கு.

ரெட்டையா தெரியல, ஆனா மங்கலா இருக்கு, பேப்பர்லேர்ந்து தலையை தூக்கி சுவர் கடிகாரத்தை பார்த்தா தெளிவாக ரெண்டு மூணு செகண்ட் ஆகுதுன்னா ஃபோகஸ் மாத்தற வேலை மந்தமாயிடுச்சு. சின்ன வயசுக்காரங்களுக்குத்தான் இது அதிர்ச்சியா இருக்கும், இருபது வயசுல படிக்கற கண்ணாடியான்னு.

எழுத்து எல்லாம் தெளிவு, ஒண்ணுதான் தெரியுது, ஆனா வரி தாவுது, அடுத்த வரியோட ஆரம்பம் கிடைக்கலைன்னா தாவல் பிரச்சனை. நடக்கும்போதோ தலை ஆடும்போதோ எழுத்து குதிக்குதுன்னா பேலன்ஸ் உறுப்போட சம்பந்தப்பட்டது. வரியோட ஒரு பக்கத்தை தொடர்ந்து விடறீங்கன்னா பக்கப் பார்வை இழப்பு இல்லன்னா கவனக் குறைவு, அதை தனியா கீழே சொல்றேன். எழுத்து தெளிவா தெரியுது, ஆனா அது என்ன எழுத்துன்னே புரியல, எழுத முடியுது, எழுதினதை தானே படிக்க முடியலைன்னா அது கண் அசைவே இல்ல. இடது பின்மூளை பாதிக்கப்பட்டா இப்படி வரும்னு டெஜரீன் 1892 லயே விவரிச்சிருக்கார். இவங்களுக்கு கண் பயிற்சி குடுத்து மாசக்கணக்குல அலைக்கழிக்கறது கொடுமை, ஸ்பீச் தெரபிஸ்ட்கிட்டதான் அனுப்பணும்.

ரெண்டாவது படி: யாரைப் பார்க்கறது, என்ன கேட்கறது

நியூரோ ஆஃப்தல்மாலஜிஸ்ட் (கண்ணும் மூளை நரம்பும் சேர்ந்த பிரச்சனைய பார்க்கற டாக்டர்) கிடைச்சா முதல்ல அவர். கூடவே ரெண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்யறதை சோதிக்கற ஆர்த்தாப்டிஸ்ட் இல்ல மூளை பாதிப்புல அனுபவம் உள்ள ஆப்டோமெட்ரிஸ்ட் (கண் பரிசோதகர்), தினசரி வேலைகளை திரும்பப் பழக்கற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், தலைசுத்தல் இருந்தா பேலன்ஸ் பார்க்கற பிசியோதெரபிஸ்ட். எல்லாரும் ஒரே இடத்துல இருக்க மாட்டாங்க, அதனால ரிப்போர்ட் எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல போட்டு வைங்க.

போனதும் "கிட்டப் பார்வைக்கான டெஸ்ட் எடுத்தீங்களா" ன்னு கேளுங்க. ஒரு சின்ன எழுத்தை மூக்கு பக்கம் மெதுவா கொண்டு வந்து எங்க ரெண்டாகுதுன்னு அளப்பாங்க, சுமாரா 5, 6 சென்டிமீட்டருக்குள்ள வரைக்கும் ஒண்ணா தெரியணும், 15 சென்டிமீட்டர்லயே ரெண்டாகிடுதுன்னா படிக்கறது போராட்டமாத்தான் இருக்கும். இதை ஒரு தடவை மட்டும் அளந்தா பத்தாது, திரும்பத் திரும்ப அளந்தா சிலருக்கு ஒவ்வொரு தடவையும் தூரம் கூடிக்கிட்டே போகும், அதுதான் அசதி. அப்புறம் ஒரு கண்ணை மூடித் திறந்து கண் நகருதான்னு பார்க்கற கவர் டெஸ்ட், ஃபோகஸ் அளவு, பக்கப் பார்வைக்கு மெஷின்ல எடுக்கற ஃபீல்ட் டெஸ்ட். கன்கஷன் (தலையில அடிபட்டு மூளை குலுங்கறது) ஆனவங்களுக்கு வாம்ஸ் (VOMS) னு ஒரு சோதனை இருக்கு, பிட்ஸ்பர்க்ல உருவாக்கி 2014 ல வெளியிட்டது. கண் தொடர்றது, தாவறது, சேர்றது, தலை ஆட்டும்போது பார்வை நிக்கறது ஒவ்வொண்ணையும் பண்ண வச்சு, ஒவ்வொண்ணுக்கும் தலைவலி, சுத்தல், குமட்டல், மந்தம் எவ்வளவுன்னு பத்துக்கு மார்க் கேட்பாங்க. எது உங்களை கிளப்பி விடுதுன்னு அதுல நல்லா தெரிஞ்சிடும்.

கண்ணாடிய இப்பவே சரி பண்ணுங்க. பயிற்சி அப்புறம். என் அனுபவத்துல புரோகிரசிவை கழட்டிட்டு படிக்கறதுக்குன்னு தனியா ஒரே பவர் கண்ணாடி போட்டாலே சிலருக்கு பாதி தொல்லை குறைஞ்சிடுது. டபுள் விஷனுக்கு கண்ணாடி மேல ஒட்டற ஃப்ரெனல் பிரிசம் ஸ்டிக்கர் இருக்கு, அது வெளிச்சத்தை வளைச்சு ரெண்டு உருவத்தையும் ஒண்ணு சேர்க்கும், நிலைமை மாற மாற பவரை மாத்திக்கலாம். ஒரு கண்ணை முழுசா கட்டறதை விட கண்ணாடியோட ஒரு பகுதியில மட்டும் மங்கலான டேப் ஒட்டறது நிறைய பேருக்கு ஒத்து வருது, பக்கப் பார்வையும் போகாது. ஆனா இதை நீங்களா பண்ணாதீங்க, முக்கியமா சின்னப் பசங்களுக்கு.

மூணாவது படி: எவ்வளவு பண்ணலாம்னு கணக்கு

எல்லாரும் சறுக்கற இடம் இதுதான், பயிற்சி தெரியாம இல்ல, அளவு தெரியாம. நல்லா இருக்கற நாள்ல ஒரு மணி நேரம் பண்ணிட்டு ரெண்டு நாள் இருட்டு ரூம்ல படுத்துக்கறது, திரும்ப எழுந்து அதே மாதிரி பண்றது.

ஒரு வழி இருக்கு. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி தலைவலி, சுத்தல், கண் வலி எல்லாம் சேர்த்து 0 லேர்ந்து 10 க்குள்ள ஒரு நம்பர் எழுதுங்க. பண்ணும்போது அது முன்னாடி எழுதின நம்பரை விட 2 புள்ளி வரைக்கும் கூடலாம், ஒரு மணி நேரத்துக்குள்ள பழைய நம்பருக்கு வந்துடணும். 2 புள்ளிக்கு மேல கூடினாலோ, மறுநாள் வரைக்கும் இழுத்தாலோ அளவு ஜாஸ்தி, பாதியா குறைங்க. 2022 ல ஆம்ஸ்டர்டாம்ல நடந்த கன்கஷன் மாநாட்டுல ஒத்துக்கிட்ட அளவு இது, அங்க உடற்பயிற்சிக்கு சொன்னதை கண் பயிற்சிக்கும் நான் அப்படியே வச்சுக்கறேன், வேற நல்ல அளவுகோல் கையில இல்லாதப்போ இது போதும். அடிபட்ட முதல் ஒண்ணு ரெண்டு நாள் ஸ்க்ரீனை குறைச்சு ஓய்வு எடுக்கறது சரி, ஆனா வாரக்கணக்குல இருட்டுல படுத்துக் கிடக்கறதால நல்லது ஒண்ணும் நடக்கறதில்ல.

ஒரு நாளைக்கு ஒரே தடவையா அரை மணி நேரத்துக்கு பதிலா மூணு நாலு தடவை, தடவைக்கு ரெண்டு மூணு நிமிஷம். காலையில தூங்கி எழுந்து தெம்பா இருக்கறப்போ கஷ்டமானது, சாயந்திரம் சுலபமானது இல்லன்னா லீவு. இன்னொண்ணு, ராத்திரி சரியா தூங்கலைன்னா மறுநாள் நம்பர் எல்லாம் கெட்டுப் போகும், அதைப் பார்த்துட்டு "பயிற்சி வேலை செய்யல" ன்னு முடிவுக்கு வராதீங்க.

நாலாவது படி: பயிற்சிகள்

*தாவல்.* ரெண்டு பேனா, வேற வேற கலர் மூடி. முழங்கை மடங்கின தூரத்துல, தோள் அகலத்துக்கு கொஞ்சம் கம்மியா பிடிங்க. தலை அசையக் கூடாது. சிவப்பை பாரு, நில்லு, தெளிவா தெரியுதா, இப்ப நீலத்துக்கு தாவு, நில்லு. வேகம் வேண்டவே வேண்டாம், ஒரே தாவல்ல போய் இறங்கறதுதான் முக்கியம். கூட ஒருத்தர் எதிர்ல உட்கார்ந்து கண்ணை பார்க்கட்டும், சிறுமூளை பாதிச்சவங்களுக்கு கண்ணு இலக்கை தாண்டிப் போய் திரும்பி வரும், இல்ல முன்னாடியே நின்னு இன்னொரு குட்டி தாவல் தாவும், அது பார்த்தாலே தெரியும். பக்கவாட்டுல சரியானதும் மேல கீழ.

அடுத்தது ஒரு ஏ4 தாள். இடது ஓரத்துல மேலிருந்து கீழே பத்து எழுத்து, வலது ஓரத்துல பத்து எழுத்து பெருசா எழுதுங்க. இடது முதல் எழுத்து, வலது முதல் எழுத்து, இடது ரெண்டாவது, வலது ரெண்டாவதுன்னு சத்தமா சொல்லிட்டே போங்க. ஒரு வரி முடிஞ்சு அடுத்த வரி ஆரம்பத்துக்கு போற தாவல் இருக்கே, படிக்கறதுல அதுதான் ரொம்ப நீளமான தாவல், அதுக்கான நேரடி பயிற்சி இது. சுலபமானதும் நடுவுல மேலிருந்து கீழே இன்னும் ரெண்டு எழுத்து வரிசை சேருங்க, எழுத்தை சின்னதாக்குங்க.

மூணாவதா, பழைய பத்திரிகைல ஒரு பத்திய எடுத்து அதுல இருக்கற எல்லா "ன" வையும் வரிசையா வட்டம் போடுங்க, அர்த்தம் படிக்க வேண்டாம். முடிச்ச பிறகு வேற ஒருத்தர் விட்டுப் போனதை எல்லாம் வேற கலர்ல வட்டம் போடட்டும். விட்டுப் போனது எங்கெங்கயோ சிதறி இருந்தா அசதி இல்ல அவசரம், எல்லாம் இடது பக்கமா குவிஞ்சிருந்தா ஐந்தாவது படிய கவனமா படிங்க. அந்தத் தாளை தூக்கிப் போடாம தேதி போட்டு வைங்க, டாக்டர்கிட்ட காட்ட இதை விட நல்ல ஆதாரம் கிடையாது.

*கண் சேர்றது.* கன்வர்ஜென்ஸ் குறைபாடுன்னு சோதிச்சு சொன்னவங்களுக்கு மட்டும். நரம்பு வாதத்தால (கண்ணை ஓட்டற நரம்பு செயலிழந்து போனதால) ரெட்டையா தெரியறவங்களுக்கு இது இல்ல. பென்சில்ல ஒரு சின்ன எழுத்து ஒட்டி, கை நீட்டி பிடிச்சு, மெதுவா மூக்கு பக்கம் கொண்டு வாங்க, ரெண்டாகும்போது நிறுத்தி ஒண்ணாக்கப் பாருங்க, முடியலைன்னா கொஞ்சம் பின்னாடி கொண்டு போய் சேர்த்துட்டு மறுபடி. இது எல்லாருக்கும் தெரிஞ்ச பயிற்சி, ஆனா தனியா இது மட்டும் பெருசா பலன் குடுக்கறதில்ல. 2008 ல அமெரிக்காவுல 221 பசங்களை வச்சு ஒரு பெரிய ஆய்வு பண்ணாங்க, தெரபிஸ்ட் கூட உட்கார்ந்து 12 வாரம் பண்ணவங்கள்ல முக்கால்வாசி பேர் தேறினாங்க, வீட்ல பென்சில் மட்டும் பண்ணவங்க போலி சிகிச்சை எடுத்தவங்க அளவுக்குத்தான் தேறினாங்க. அவங்க மூளை அடிபட்ட பசங்க இல்ல, ஆனாலும் வீட்ல தனியா பென்சிலை வச்சு அதிசயம் எதிர்பார்க்காதீங்கங்கற பாடம் இங்கயும் பொருந்தும்.

பென்சிலை விட எனக்குப் பிடிச்சது பிராக் கயிறு. மூணு மீட்டர் கயிறு, மூணு கலர் மணி. ஒரு முனை கதவு கைப்பிடியில, இன்னொரு முனை மூக்கு நுனியில. நடு மணிய பார்த்தா கயிறு ரெண்டாத் தெரிஞ்சு சரியா அந்த மணிமேல பெருக்கல் குறி மாதிரி வெட்டிக்கணும். மணிக்கு முன்னாடியே வெட்டிக்குதுன்னா கண்ணு கிட்டத்தை குறி வைக்குது, மணிக்கு பின்னாடின்னா தூரத்தை. ஒரே ஒரு கயிறுதான் தெரியுதுன்னா ஒரு கண்ணை மூளை அணைச்சு வச்சிருக்கு, அதை உடனே தெரபிஸ்ட்கிட்ட சொல்லுங்க. இதோட அழகு என்னன்னா, நீங்க பண்றது சரியா தப்பான்னு கயிறே சொல்லிடும், வேற ஆள் வேண்டாம்.

*ஃபோகஸ்.* கிட்ட ஒரு சின்ன எழுத்து அட்டை, மூணு மீட்டர் தள்ளி சுவர்ல பெரிய எழுத்து அட்டை. கிட்ட ஒரு எழுத்து தெளிவானதும் தூர ஒரு எழுத்து. தெளிவாக எத்தனை செகண்ட் ஆகுதுன்னு எண்ணுங்க, அது குறையறதுதான் முன்னேற்றம். நாற்பத்தஞ்சு தாண்டினவங்க இதுல நேரம் செலவழிக்க வேண்டாம், லென்ஸே விறைச்சுப் போச்சு, கண்ணாடிதான் வழி.

கட்டைவிரலை வட்டமா சுத்தி கண்ணால தொடர்றதுக்கு எல்லாரும் ரொம்ப முக்கியத்துவம் குடுப்பாங்க, படிக்கறதுக்கு அது பெருசா உதவாது, சூடு ஏத்தறதுக்கு அரை நிமிஷம் பண்ணா போதும். தலையை ஆட்டிக்கிட்டே ஒரு எழுத்தை பார்க்கற பயிற்சி நல்லது, ஆனா கழுத்துல அடிபட்டிருந்தா ஆபத்து, அதை பிசியோதெரபிஸ்ட் முன்னாடிதான் ஆரம்பிக்கணும்.

ஐந்தாவது படி: பார்வையில ஒரு பக்கம் போனவங்களுக்கு

ஸ்ட்ரோக்ல பின்மூளை பாதிச்சா ரெண்டு கண்ணுலயும் ஒரே பக்கத்துப் பாதி போயிடும், ஹெமியனோப்பியா. "எனக்கு இடது கண்ணு தெரியல" ன்னு சொல்வாங்க, உண்மையில ரெண்டு கண்ணோட இடது பாதியும் தெரியல. தானா திரும்பி வர்றதுன்னா பெரும்பாலும் முதல் மூணு மாசத்துக்குள்ள வரும். அதுக்கப்புறம் போன பார்வைய திரும்பக் கொண்டு வர்றோம்னு சொல்ற மெஷின், மென்பொருளுக்கெல்லாம் ஆதாரம் பலமா இல்ல, பணம் கட்டறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை யோசிங்க. இருக்கற பார்வைய வச்சு கண்ணை ஓட்டக் கத்துக்கறதுதான் நடக்கற காரியம்.

எந்தப் பக்கம் போச்சுங்கறது முக்கியம். நாம இடமிருந்து வலமா படிக்கறோம், அதனால கண்ணு எப்பவும் வலது பக்கம் வரப்போற எழுத்தை ஓரக்கண்ணால முன்கூட்டியே பார்த்து அடுத்த தாவலை திட்டம் போடுது. வலது பக்கம் போனவங்களுக்கு இந்த முன்னோட்டம் இல்ல, தாவல் எல்லாம் குட்டிக் குட்டியா ஆகி ஒரு வார்த்தைக்கு மூணு நாலு தடவை நிக்க வேண்டி வரும். இடது பக்கம் போனவங்க வரிக்குள்ள ஓரளவு ஓட்டிடுவாங்க, வரி முடிஞ்சு அடுத்த வரி ஆரம்பத்தை கண்டுபிடிக்கத்தான் தவிப்பாங்க.

தமிழ் படிக்கறவங்களுக்கு இதுல தனியா ஒரு சிக்கல் இருக்கு, இங்கிலீஷ் கையேடுகள்ல இது வராது. நம்ம வார்த்தைக்கு வால்லதான் விஷயம் இருக்கு. "எடுக்க வேண்டும்", "எடுக்க வேண்டாம்", ரெண்டுக்கும் வித்தியாசம் கடைசில. "வரலாம்", "வரலாமா", அதுவும் கடைசில. வலது பக்கம் தெரியாதவங்க முதல் பாதிய பார்த்துட்டு மீதிய ஊகிச்சுடுவாங்க, தடுமாறாம சரளமா படிக்கற மாதிரியே இருக்கும், அர்த்தம் தலைகீழாப் போயிருக்கும். மருந்துச் சீட்டுல இது விளையாட்டு இல்ல. இடது பக்கம் விடறவங்களுக்கு கொம்பு பிரச்சனை. ஒற்றைக் கொம்பு எழுத்துக்கு முன்னாடி வருது, அதை விட்டுட்டா "கொடு" காடு ஆகும், "பொட்டு" பாட்டு ஆகும், "பொய்" பாய் ஆகும். சத்தமா படிக்கும்போது இந்த மாதிரி தப்பு வந்தா சும்மா திருத்திட்டு போகாம எழுதி வைங்க, எந்தப் பக்கம் விழுதுன்னு அது காட்டிக் குடுக்கும்.

வலது பக்கம் போனவங்களுக்கு: வார்த்தைய படிக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கண்ணை அதோட வலது முனைக்கு கொண்டு போகணும். விரலையோ பென்சிலையோ வார்த்தையோட கடைசி எழுத்துக்கு கீழே வச்சு, அந்த விரலை பார்த்துட்டு முழு வார்த்தையும் சொல்லுங்க. தனித்தனி வார்த்தைல ஆரம்பிங்க, நாலெழுத்து, ஆறெழுத்து, அப்புறம் நீளமானது, அப்புறம்தான் வரி. இன்னொரு முறை, எழுத்து வலமிருந்து இடமா ஸ்க்ரீன்ல ஓட, அதைப் படிக்கறது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ்ல ரீட் ரைட்னு இதுக்காகவே உருவாக்கினாங்க, பயிற்சி எடுத்தவங்க படிக்கற வேகம் நல்லா கூடினதா 2012 ல வெளியிட்டாங்க. அது இங்கிலீஷ் வரிகளுக்குப் பண்ணது, ஆனா ஸ்க்ரீன்ல ஓடற வரி எந்த மொழிலயும் ஏற்பாடு பண்ணிக்கலாம், மெதுவா ஓட விட்டு ஒரு நாளைக்கு இருபது நிமிஷம், துண்டு துண்டா.

இடது பக்கம் போனவங்களுக்கு: பக்கத்தோட இடது ஓரம் முழுக்க பளிச்னு ஒரு சிவப்புக் கோடு, இல்ல சிவப்பு ஸ்கேல். வரி முடிஞ்சதும் கோடு கண்ணுல படற வரைக்கும் இடது பக்கம் போகணும், கோடு தெரியலைன்னா இன்னும் போகணும். இடது கையை அந்த ஓரத்துல வச்சுக்கிட்டா இன்னும் நல்லது.

இதுலயே இன்னொரு வகை, வலது மூளை பாதிச்சு இடது பக்கம்னு ஒண்ணு இருக்குங்கறதே மனசுல இல்லாம போறது, நெக்லெக்ட். பார்வை போனவங்களுக்கு போனது தெரியும், தேடுவாங்க. இவங்களுக்கு தெரியாது, அதனால தேடவும் மாட்டாங்க, "அப்பா, அந்தப் பக்கம் பாருங்க" ன்னு எத்தனை தடவை சொன்னாலும் அடுத்த வரில மறுபடி அதேதான். கோபப்பட்டு பிரயோஜனம் இல்ல. சிவப்புக் கோடு, பக்கத்துல ஆள், குட்டிக் குட்டி பயிற்சி, தெரபிஸ்ட் மேற்பார்வை.

ஆறாவது படி: நிஜமா படிக்க ஆரம்பிக்கறது

பயிற்சி அட்டைல கெட்டிக்காரரா ஆகறது லட்சியம் இல்ல, அதனால முதல் வாரத்துலேர்ந்தே கொஞ்சமாவது நிஜ எழுத்து படிக்கணும்.

எழுத்து 16, 18 பாயின்ட், வரிக்கு வரி நல்ல இடைவெளி, வரி நீளம் குறைவா. கறுப்பு அட்டைல ஒரு வரி மட்டும் தெரியற மாதிரி ஜன்னல் வெட்டி வச்சுக்கிட்டா மத்த வரியெல்லாம் மறைஞ்சிடும், கூட்டமா தெரியற தொல்லை போயிடும். போன்ல படிச்சா ஸ்க்ரோல் பண்ணாம பக்கம் பக்கமா திருப்பற முறைக்கு மாத்துங்க, ஓடற எழுத்து நிறைய பேருக்கு குமட்டலைக் கிளப்பும். (மேல சொன்ன ஓடற வரி பயிற்சி ஒரு வரி மட்டும், அது வேற.) வெளிச்சம் பின்னாடியிலேர்ந்து வரட்டும். வீட்டுக்குள்ள கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டே இருக்காதீங்க, கண்ணு இருட்டுக்குப் பழகி அப்புறம் சாதாரண வெளிச்சமே குத்தும். வெளிச்சம் ரொம்பத் தொல்லைன்னா எஃப்எல்41 னு ரோஸ் கலர் கண்ணாடி இருக்கு, கேட்டுப் பாருங்க. படிக்கும்போது இமைக்கறது குறையும், கண் வறண்டாலே எழுத்து மங்கும், சொட்டு மருந்து வேணுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. நாலாவது நரம்பு பிரச்சனை இருக்கறவங்க புத்தகத்தை மடியில வைக்காம ஸ்டாண்டுல கண் மட்டத்துக்கு தூக்கி வைங்க, சிலருக்கு அதுவே தீர்வு.

இப்ப டைமர். படிக்க ஆரம்பிச்சு எத்தனாவது நிமிஷம் தொல்லை ஆரம்பிக்குதுன்னு பாருங்க. ஆறாவது நிமிஷம்னு வைங்க, நீங்க படிக்க வேண்டியது நாலு நிமிஷம். நல்லா இருக்கும்போதே நிறுத்தணும், இது ரொம்பப் பேருக்கு பிடிக்கறதில்ல. ரெண்டு மூணு நிமிஷம் கண்ணை மூடி இல்ல தூரமா பார்த்துட்டு, இன்னொரு நாலு நிமிஷம். மூணு நாலு நாள் நம்பர் ஏறாம இருந்தா ஒரு நிமிஷம் கூட்டுங்க. கதை தெரிஞ்ச புத்தகத்துல ஆரம்பிங்க, அதுல அர்த்தத்துக்குன்னு தனியா உழைக்க வேண்டாம், கண்ணுக்கு மட்டும்தான் வேலை. அப்புறம் பேப்பர் செய்தி, அப்புறம் ஃபார்ம், டேபிள், பில், கடைசில ஆபீஸ் வேலை. டேபிள் ரொம்ப கஷ்டம், வரியும் பத்தியும் ரெண்டு திசையிலும் தாவணும், அதை சீக்கிரம் எடுக்காதீங்க. ஒவ்வொரு தடவையும் படிச்சதை ஒரு வாக்கியத்துல சொல்லிப் பாருங்க. கண்ணு ஓடிருச்சு ஆனா ஒண்ணும் நிக்கலைன்னா கவனமும் ஞாபகமும்தான் அடுத்த வேலை, கண்ணு இல்ல.

ஆடியோ கேட்டுக்கிட்டே எழுத்தை தொடர்றது நல்ல இடைக்கால ஏற்பாடு. பரீட்சை, வேலைன்னு கட்டாயம் இருக்கறவங்க கூச்சப்படாம ஆடியோவை பயன்படுத்துங்க, கூடுதல் நேரம், பெரிய எழுத்து கேட்டு டாக்டர் லெட்டரோட எழுதிக் குடுங்க.

ஏழாவது படி: அளந்து பார்க்கறது, திரும்பப் போறது

மாசம் ஒரு தடவை, ஒரே நேரத்துல, 200 வார்த்தை உள்ள ஒரு பகுதிய சத்தமா படிச்சு போன்ல ரெக்கார்ட் பண்ணுங்க, ஒவ்வொரு மாசமும் அதே அளவு கடினமான வேற பகுதி. எத்தனை நிமிஷம், எத்தனை தப்பு, தப்பு எந்தப் பக்கம், நம்பர் எவ்வளவு ஏறுச்சு. தினம் தினம் பார்த்தா முன்னேற்றம் தெரியாது, ரெக்கார்டிங்கை வரிசையா கேட்டா தெரியும்.

ஆறு எட்டு வாரம் ஒழுங்கா பண்ணியும் எண்கள் அசையலைன்னா பயிற்சிய கூட்டாதீங்க, முதல் படிக்குப் போங்க, பிரிச்சதே தப்பா இருக்கலாம், இல்ல ரெண்டு பிரச்சனை சேர்ந்து இருக்கலாம். கண்ணு சேர்றதுன்னு நினைச்சு பண்ணிக்கிட்டு இருப்பீங்க, உண்மையில கூடவே நாலாவது நரம்பும் லேசா பாதிச்சிருக்கும், அது சேர்ற முயற்சியையே கெடுத்துக்கிட்டு இருக்கும். அதை பிரிசம் வச்சு சரி பண்ணாம எந்தக் கயிறும் மணியும் உதவாது.

நரம்பு வாதத்தால வந்த டபுள் விஷன் நிறைய பேருக்கு மாசக்கணக்குல தானா குறையும், அதனால ஆபரேஷனுக்கு பொதுவா ஆறு மாசம், ஒரு வருஷம்னு அளவு மாறாம நிக்கற வரைக்கும் காத்திருப்பாங்க, அதுவரைக்கும் பிரிசம், டேப். ஆபரேஷன் பேச்சு வந்தா டாக்டர்கிட்ட ஒண்ணை தெளிவா சொல்லிடுங்க: நேரா பார்க்கும்போது மட்டும் அளக்காம, கண்ணை கீழே இறக்கி புத்தகம் பிடிக்கற தூரத்துலயும் அளந்துட்டு முடிவு பண்ணுங்கன்னு, ஏன்னா நீங்க திரும்பப் படிக்கணும்னு கேட்கறது அந்த இடத்துலதான்.